பக்கத்து அறைக்காரர்

பெயரைக் கேட்பதற்கு முன்னால் அரியரத்தினம் வேறொன்றைக் கேட்டார்.

"தம்பி, சின்னச் சத்தத்துக்கும் முழிக்கிற ஆளோ நீர்?"

வாசற்படியில் நனைந்த கோட்டோடு நின்ற இந்திரகுமாருக்கு அந்தக் கேள்வி விசித்திரமாகத்தான் இருந்தது. ஆனால் விசித்திரங்களைப் பற்றி யோசிக்கிற நிலையில் அவன் இல்லை. மெல்பேணுக்கு வந்த நான்கு மாதங்களில் பத்தொன்பது வாசல்களில் நின்றுவிட்டான். தொலைபேசியில் வந்து பாருங்கள் என்று அன்பாகச் சொன்ன குரல்கள், கதவைத் திறந்து அவன் முகத்தைக் கண்டதும், இப்போதுதான் கொடுத்துவிட்டோம் என்றன. ஒரு வீட்டில் கதவே திறக்கவில்லை. திரைச்சீலை மட்டும் விலகி மூடியது. அவன் வரைபடம் கீறும் அலுவலகத்தில் அவனோடு வேலை செய்யும் கிரேக்க நண்பன் ஒருவன், தன் வீட்டுச் சோபாவில் படுக்க இடம் கொடுத்திருந்தான். அந்த நண்பனின் மாமியார் ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்குகிறாள். ஊரில், கோண்டாவிலில், மனைவி ரஞ்சினிக்கு ஐந்து மாதம். இன்னும் சில வாரம் போனால் அவளை விமானத்தில் ஏற்றமாட்டார்கள். அவளை அழைப்பதற்கான குடிவரவுப் படிவத்தில் முகவரிக்கான கட்டம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

"படுத்தா எழும்பமாட்டன் அண்ணை," என்றான். பொய்தான்.

"மற்ற ஆக்களைப் பற்றித் துருவித் துருவிக் கேட்கிற பழக்கம்?"

"இல்லை அண்ணை."

"மனுசி வந்தாப் பிறகு?"

"அவவும் அமைதியான ஆள்."

அரியரத்தினம் நீளமாக மூச்சு விட்டார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ரயில்வே கந்தோரில் எழுதுவினைஞர், கலியாணம் கட்டாதவர். அறை தேடி அலைகிற தன்னைப் போலவே, ஆள் தேடி அலைந்து களைத்துப்போன முகம் அது என்று இந்திரகுமாருக்குப் பட்டது.

"உள்ளுக்கு வாரும்," என்றார்.

ஃபுட்ஸ்க்ரேயில் ஒரு பழைய மரப்பலகை வீடு. முன்பக்கம் இரண்டு அறைகள், நடுவில் நீளமான நடை, கடைசியில் குசினி. வீடு முழுவதும் மண்ணெண்ணெய் ஹீட்டரின் மணமும், அதற்குக் கீழே ஆற்றங்கரைத் தோல் ஆலைகளிலிருந்து வரும் புளித்த வாடையும் நிறைந்திருந்தன. இந்திரகுமாருக்குக் கிடைத்தது வலப்பக்க அறை. கட்டில் வலப்பக்கச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது.

"அந்தச் சுவருக்கு அங்காலை நாகராஜன் எண்டு ஒரு ஆள் இருக்கிறார்," என்றார் அரியரத்தினம், குரலைத் தாழ்த்தி. "இரவு வேலை. பகலிலை படுப்பார். அவருக்கு வாசல் வேறை, அந்தப் பக்கத்தாலை. நீர் அவரைச் சந்திக்கக் கிடையாது. கொஞ்சம் இருமல் இருக்குது, பாவம்."

"அதுக்கென்ன அண்ணை."

"அவரோடை ஒண்டும் கதைக்க வேண்டாம், என்ன?"

வீட்டை வாடகைக்கு எடுத்த மனிதருக்கு இப்படிச் சில கண்டிப்புகள் இருப்பது இயல்புதான் என்று இந்திரகுமார் நினைத்துக்கொண்டான். அன்றைக்கே படிவத்தில் முகவரியை எழுதினான்.

வேலை முடிந்து ஐந்தரைக்கு வீடு வரும்போது குளிர்காலத்து இருட்டு இறங்கியிருக்கும். அவன் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்கையில் சுவருக்கு அப்பால் நாகராஜன் எழும்புவது கேட்கும். முதலில் கட்டில் கம்பிகளின் கிரீச்சொலி, பிறகு தரையில் செருப்பைத் தேடும் கால்களின் உரசல், பிறகு அந்த இருமல்: சளி பிடித்த நெஞ்சின் ஆழத்திலிருந்து ஏறி, மற்றவர்களுக்குத் தொந்தரவாகிவிடுமே என்று தொண்டையிலேயே அமுக்கப்பட்டு, கடைசியில் மன்னிப்புக் கேட்பதைப் போல ஒரு சின்னச் செருமலில் முடியும் இருமல். மிகவும் மரியாதையான இருமல். அதைக் கேட்டால் இந்திரகுமாருக்கு ஓர் ஆறுதல்கூட வந்தது. இந்த ஊரில் அவனைப் போலவே சத்தம் போடாமல் வாழப் பழகிய இன்னொருவன், ஒரு பலகைக்கு அப்பால்.

விசா வந்தது. ரஞ்சினி ஓகஸ்ட் மாதம் இரண்டாம் கிழமை வருவதாகக் கடிதம் எழுதினாள். பிள்ளை உதைக்கிறது என்றும் எழுதியிருந்தாள்.

மூன்றாவது சனிக்கிழமை காற்று பலமாக அடித்தது. பின்வளவுக் கொடியில் காயப்போட்டிருந்த அவனுடைய துவாய் பறந்து வீட்டின் வலப்பக்கச் சந்துக்குள் விழுந்தது. சந்தின் படலை துருப்பிடித்து இறுகியிருந்தது. தோளால் இடித்துத் திறந்தான். உள்ளே போய்க் குனிந்து துவாயை எடுத்தான். நிமிர்ந்தான்.

அப்போதுதான் பார்த்தான்.

சந்து ஒரு முழ அகலம். இந்தப் பக்கம் வீட்டின் பலகைச் சுவர், அந்தப் பக்கம் அடுத்த வீட்டு வேலி. தரையில் அழுகிய இலைகள். வாசல் இல்லை. ஜன்னல் இல்லை. பின்பக்க மூலையிலிருந்து முன்பக்க மூலைவரை நடந்து பார்த்தான்; திரும்பவும் நடந்தான். குசினி, குளியலறை, அதற்குப் பிறகு அவனுடைய அறை. அவனுடைய அறைக்குப் பிறகு எதுவுமே இல்லை. அவன் தலைவைத்துப் படுக்கும் சுவருக்கு அப்பால் இருந்தது இந்தச் சந்துதான்.

கையைப் பலகையில் வைத்தான். ஈரம். குளிர். மறுபக்கத்தில் அவனுடைய கட்டில்.

அவன் தோளருகே ஒருவர் இருமினார்.

சந்தில் ஒருவரும் இல்லை. நல்ல வெயில். இருமல் அமுங்கி, சின்னச் செருமலில் முடிந்தது.

குசினியில் அரியரத்தினம் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். வாசலில் வந்து நின்றவனின் முகத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

"சந்துக்குள்ளை போனீரோ?"

இந்திரகுமார் துவாயோடு கதிரையில் இருந்தான்.

"நாலு வருசமாச்சுது," என்றார் அரியரத்தினம். "இப்பிடித்தான், ஒரு குளிர் காலம். நல்ல மழை. ஒரு பெடியன் வந்து கதவைத் தட்டினான். நாகராஜனாம். ஊர் சுழிபுரமாம். எல்லா இடமும் கேட்டுக் களைச்சுப்போனன் அண்ணை, ஒரு கிழமைக்கு இடம் தந்தாக் காணும், அது போதும் எண்டான். நல்லா இருமினான். எனக்கு வருத்தக்காரனோடை இருக்கப் பயம். நீர் இருக்கிற அறை அப்ப சும்மாதான் கிடந்தது." அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "இடம் இல்லையெண்டு சொல்லிப்போட்டன். வெள்ளைக்காரன் சொன்னால் அவன் தாங்கியிருப்பான் தம்பி. நான் தமிழிலை சொன்னனான்."

"பிறகு?"

"போகேல்லை. சந்துக்குள்ளை, தாவாரத்துக்குக் கீழை ஒதுங்கி நிண்டிருக்கிறான். விடியும்வரைக்கும் இருமல் கேட்டது. விடிய நான் போய்ப் பார்த்தன். ஆள் இல்லை. எங்கை போனான், இருக்கிறானோ செத்தானோ, ஒருத்தருக்கும் தெரியாது. அடுத்த கிழமை இருமல் மட்டும் திரும்பி வந்தது."

ஹீட்டரின் சுவாலை படபடத்தது.

"நான் அவனுக்கு அங்கை ஒரு அறை இருக்கிற மாதிரியே நடந்துகொள்ளுறன். வாற ஆக்களுக்கும் அப்பிடித்தான் சொல்லுறன். அவனும் அதை நம்பி இருக்கிறான். பக்கத்திலை ஒரு ஆள் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தால் பேசாமல் இருப்பான். இந்த அறை சும்மா கிடந்தால்தான் இருமல் நடைக்குள்ளை வரும். அதுதான் தம்பி, பொருந்தி வாற ஆளாப் பார்த்து வைக்கிறன். நீர் ஆறாவது ஆள். உம்மைப்போலை ஒருத்தரும் பொருந்தேல்லை."

"நான் போறன் அண்ணை."

"எங்கை போவீர்?" என்றார் அரியரத்தினம். அதில் கோபமோ கிண்டலோ இல்லை. கெஞ்சல்தான் இருந்தது.

அடுத்த பன்னிரண்டு நாட்கள் இந்திரகுமார் ஒவ்வொரு நாளும் அறை தேடினான். மதிய இடைவேளையில் தொலைபேசிக் கூண்டில் நின்று பத்திரிகை விளம்பரங்களுக்குப் பேசினான். வேலை முடிந்ததும் டிராமில் ஏறி பிரன்ஸ்விக், ரிச்மண்ட், கொலிங்வுட் என்று அலைந்தான். கர்ப்பிணி மனைவி என்றதும் சிலர் மறுத்தார்கள். மற்றவர்களுக்கு அவன் வாயைத் திறக்கவே தேவை இருக்கவில்லை. கிரேக்க நண்பனிடம் திரும்பக் கேட்டான். அவன் சங்கடத்தோடு கண்களைத் தாழ்த்திக்கொண்டான்.

ஆகவே ஒவ்வொரு மாலையும் அந்த அறைக்கே திரும்பினான். கட்டிலை இழுத்து அறையின் நடுவில் போட்டான். அப்படிப் போட்ட அன்று இருமல் சுவருக்கு இன்னும் நெருக்கமாக வந்தது, காதைப் பலகையில் வைத்து அவன் எங்கே போனான் என்று தேடுவதைப் போல. கட்டிலைத் திரும்பவும் சுவரோடு தள்ளினான். படுத்துக்கொண்டு நன்றாகக் கேட்கும்படி மூச்சு விட்டான். உள்ளே. வெளியே. சுவருக்கு அப்பாலும் ஒரு மூச்சு அவனுடைய மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கியது. இந்தக் கட்டிலில்தான் ரஞ்சினி படுக்கப் போகிறாள். சுவர்ப்பக்கமாக. வயிற்றில் பிள்ளையோடு.

ரஞ்சினி வருவதற்கு நான்கு நாள் இருந்த சனிக்கிழமை அவன் காலை ஏழு மணிக்கே வெளிக்கிட்டான். மாலைக்குள் எப்படியாவது ஓர் இடம், கூரை ஒழுகினாலும் பரவாயில்லை, யாருடைய கராஜாக இருந்தாலும் பரவாயில்லை என்று வெறிபிடித்தவனைப் போல நடந்தான். ஏழு வாசல்கள். ஏழு தடவை இல்லை என்ற சொல். கடைசி வீட்டில் ஒரு கிழவி கதவைச் சாத்திய பிறகும் அவன் படியிலேயே நின்றான். அவள் உள்ளிருந்து போகச் சொன்னாள். போனான்.

இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வந்து, சப்பாத்தோடு கட்டிலில் விழுந்தான். கால்கள் விண் விண்ணென்று வலித்தன. பக்கத்து வீட்டில் யாரோ இயந்திரத்தால் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலால் வந்த வெயில் தரையில் சதுரமாக விழுந்திருந்தது. கண்களை மூடினான்.

சுவருக்கு அப்பால் செருமல்.

பிறகு, முதல் தடவையாக, ஒரு குரல். மெல்லிய, வெட்கப்பட்ட, ஊர்க் குரல்.

"அண்ணை. இடம் இருக்குதோ?"

அவன் யோசிக்கவில்லை. காலையிலிருந்து காதுக்குள் ஏறி நிறைந்திருந்த சொல் அது. வாய்க்கு வேறு சொல் தெரியவில்லை.

"இல்லை," என்றான். "இடம் இல்லை."

குசினியில் ஏதோ கோப்பை விழுந்து உடைந்தது.

அரியரத்தினம் நடையால் ஓடி வந்தார். அறை வாசலில் நின்று அவனைப் பார்த்தார். முகம் சாம்பலாகியிருந்தது.

"ஏன் தம்பி சொன்னீர்?" கிசுகிசுத்தார். "ஐயோ, ஏன் சொன்னீர்? இனி அவன் தேடப் போறான்."

"அண்ணை, நான்..."

அரியரத்தினம் கோட்டை எடுக்கவில்லை. தொப்பியை எடுக்கவில்லை. காலுறையோடு முன்கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கி ஓடினார். இந்திரகுமாரும் எழுந்தான். நடைக்கு வருவதற்குள் முன்கதவு மெதுவாக, மிகவும் மரியாதையாக, மூடிக்கொண்டது. பிடியைத் திருகினான். அசையவில்லை.

நடையின் மறுமுனையில், குசினிக்குள், செருமல்.

தண்ணீர்க் குழாய் திறந்தது. கொஞ்ச நேரம் ஓடியது. மூடியது. அலுமாரிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின. வீடு பார்க்க வந்த ஒருவன் எப்படிப் பார்ப்பானோ அப்படி. அவசரமில்லாமல். ஒவ்வொன்றையும் தொட்டு.

பிறகு காலடி. ஈரச் செருப்பு.

குளியலறை. விளக்கு எரிந்தது. அணைந்தது. பிடிக்கவில்லை.

அரியரத்தினத்தின் அறை. கட்டிலில் யாரோ உட்கார்ந்து பார்க்கும் கிரீச்சொலி. ஜன்னலைத் தூக்கிப் பார்க்கும் ஒலி. நீண்ட மௌனம். எழும்பும் ஒலி.

பிடிக்கவில்லை.

இந்திரகுமார் தன் அறைக்குள் பாய்ந்து கதவைச் சாத்தி முதுகை அதில் கொடுத்தான். ரஞ்சினி, ரஞ்சினி என்று வாய் முணுமுணுத்தது. முன்பக்க ஜன்னலுக்கு வெளியே அரியரத்தினம் தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவனைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

முதுகுக்குப் பின்னால் இருந்த கதவு தள்ளப்படவில்லை. ஆனால் அறைக்குள் ஈரத் துணியின் மணம் வந்தது. அழுகிய இலை மணம்.

காலடி அலுமாரிவரை போனது. மேசைவரை போனது. திரும்பியது.

அவனுக்கு முன்னால் நின்றது.

ஒன்றும் தெரியவில்லை. வெயிலில் தூசி மட்டும் மிதந்தது. முகத்தில் குளிர்ந்த மூச்சு.

ஒரு விரல் அவன் இடது கண் இமையைத் தொட்டது. மேலே தூக்கியது. விட்டது. மற்ற இமையையும் தூக்கிப் பார்த்தது. உள்ளங்கை ஒன்று அவன் நெஞ்சில் பரவி, சுவரின் உறுதியைப் பார்ப்பதைப் போல, மேலிருந்து கீழாகத் தடவியது. விலா எலும்புகளில் விரல்கள் மெதுவாகத் தட்டிப் பார்த்தன. ஒவ்வோர் எலும்பாக. தட்டிவிட்டுக் கேட்டன.

அவன் கத்த நினைத்தான்.

வாய் திறந்தது. கத்துவதற்கு அல்ல. இரண்டு பக்கமும் பிடித்து யாரோ திறந்தார்கள்.

"காணும் அண்ணை," என்றது குரல், அவன் பற்களுக்கு மிக அருகில், நன்றி ததும்ப. "இது காணும்."

நாக்கின்மேல் ஈரச் செருப்பு ஒன்று ஏறியது. பிறகு மற்றது.

வெளியே புல் வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே போனவன், களைத்து வந்து படுக்கப் போகிறவனைப் போல, முதலில் வலது கண்ணின் வெளிச்சத்தை அணைத்தான். பிறகு இடது கண்ணின் வெளிச்சத்தையும் அணைத்தான்.