வழக்கமா போற பாதைதான்

‘தூறல்’ தன் வலைப்பூவில் போட்டிருந்த படத்தில் பனி இல்லை.

அவள் அதை உடனே கவனிக்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் மதியத்துக்கு மேல் ஆள் வருவது குறைவு. வில்லைகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிவிட்டு, நண்பர்களின் வலைப்பூக்களைக் கைபேசியில் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவது அவள் பழக்கம். நாலே பேர்தான். நடக்கப் போவார்கள், வழியில் கண்டதைப் படமெடுப்பார்கள், வலைப்பூவில் போடுவார்கள், ஒருவரை ஒருவர் மெச்சிப் பின்னூட்டம் எழுதிக்கொள்வார்கள். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. வருஷத்தில் பாதி பனி கொட்டும் ஊரில் இருந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், ‘தூறல்’. கடலோர ஊரில் டீச்சர் வேலை பார்ப்பவள், ‘பாசி’. பறவைகளைத் தவிர வேறெதையும் எடுக்காத நர்ஸம்மா, ‘கரிச்சான்’. இவள் ‘நடை’. இவள் போட்ட ஒரு காளான் படத்துக்கு வந்த பாராட்டைப் பார்த்துவிட்டு, “நம்ம கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு வாழ்த்து வரல” என்று கணவர் இன்றுவரை சொல்லிச் சிரிப்பார்.

தூறலின் படத்தில் ஒரு மரப்பாலம் இருந்தது. பலகைகள் ஈரத்தில் கறுத்து, நடுவில் ஒன்று உடைந்து தொங்கியது. அதைத் தாண்டி ஒரு பாதை, இரண்டு பக்கமும் நெருக்கியடித்த மரங்களுக்குள் நுழைந்தது. எல்லாம் சொட்டச் சொட்டப் பச்சை. முந்தின வாரம்தான் வாசல் பனியை வாரிக் கொட்டி முதுகு பிடித்துக்கொண்டதாக அவர் எழுதியிருந்தார்.

“பழைய படமா அண்ணே?” என்று கேட்டு எழுதினாள்.

“இல்லம்மா, காலையில எடுத்தது. வழக்கமா போற பாதைதான். பனி எப்படிக் கிடக்குது பாத்தியா!”

அவள் மறுபடி படத்தைப் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். பாலத்துக்கு அடியில் ஓடிய தண்ணீரில்கூட வெள்ளையாக ஒன்றும் இல்லை. வயசான மனுஷர், தப்பான படத்தைப் போட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்தடுத்து வந்த படங்களும் அந்தப் பாதைதான். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உள்ளே போயிருந்தார். மரங்கள் இன்னும் நெருங்கின, வெளிச்சம் சோகை பிடித்து மங்கியது. கடைசிப் படத்தில் பாதை முடிந்து தண்ணீர் தொடங்கியது. குளமா ஏரியா என்று சொல்ல முடியாத, எதிர்க்கரையே தெரியாத கறுப்புத் தண்ணீர். மேலே வானம் இருந்தும் தண்ணீரில் அதன் நிழல் விழவில்லை. அதன் கீழே அவர் எழுதியிருந்தார்: “வீட்டுக்கு வந்துட்டேன். கை விறைச்சுப்போச்சு. ஒரு காப்பி குடிக்கணும்.”

அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை. சில நாள் கழித்து அவருடைய மகள் அந்தப் படத்தின் கீழே ஒரு பின்னூட்டம் போட்டிருந்தாள். நடக்கப் போன அப்பா திரும்பி வரவில்லை என்றும், பனியில் பதிந்திருந்த காலடிகள் வெட்டவெளியில் நடுவாக்கில் நின்றுவிட்டன என்றும், யாருக்காவது ஏதாவது தெரியுமா என்றும்.

இவள் பதில் எழுத ஆரம்பித்து அழித்தாள். என்ன பதில் எழுதுவது? உங்கள் அப்பா பனியிலேயே நடக்கவில்லை என்றா?

பாசியின் வலைப்பூவில் அந்த மரப்பாலம் வந்தபோது இவள் கடையில்தான் இருந்தாள். எதிரே ஒருவர் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “தூரத்துல இருக்கிறது சரியா தெரியலையே” என்று குறைபட்டுக்கொண்டிருந்தார். கைபேசித் திரையில் அதே உடைந்த பலகை, அதே கறுத்த ஈரம். அவரை அப்படியே விட்டுவிட்டுப் பின்கட்டுக்கு ஓடிப் பாசியைக் கூப்பிட்டாள். எண் வாங்கி வைத்திருந்தாலும் பேசியதில்லை. அதுதான் முதல் தடவை.

“அக்கா! நடை அக்காவா? உங்க குரல் இப்படியா இருக்கும்! நான் வேற மாதிரி நினைச்சேன்.”

“பாசி, அந்தப் பாலம் எங்கம்மா இருக்கு?”

“எந்தப் பாலம்? கடற்கரையத்தானே போட்டேன். மணல், அலை, ஒரு நண்டுகூட இருக்குமே.”

“இப்ப எங்க இருக்கே?”

“நடந்துக்கிட்டுதான் இருக்கேன். அலைச் சத்தம் கேக்கலையா உங்களுக்கு? இருங்க, போனை அலைப்பக்கம் நீட்டுறேன்.”

இவள் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அலைச் சத்தம் இல்லை. இலைகளிலிருந்து நீர் சொட்டும் சத்தம், ஊறிப்போன பலகை மிதிபட்டு முனகும் சத்தம், அப்புறம் செருப்பு சேற்றில் புதைந்து புதைந்து எழும் ஓசை. அத்தனைக்கும் பின்னால், கல்யாணக் கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினால் வருமே, அந்த மாதிரி ஓர் அமைதி.

“திரும்பி வந்துடு பாசி. ஓடி வந்துடு.”

“என்னக்கா பயமுறுத்துறீங்க? சரி, திரும்பிட்டேன். அதோ எங்க தெரு தெரியுது. அம்மா வெளியில நிக்கிறாங்க. அப்புறம் பேசுறேன்க்கா.”

அம்மா இறந்துவிட்டாள் என்று பாசி ஒரு மழைக்காலப் பதிவில் எழுதியது இவளுக்கு நினைவு வந்தபோது இணைப்பு அறுந்திருந்தது. சாயங்காலம் கறுப்புத் தண்ணீர் படம் வந்தது.

அன்றைக்கு இவளும் நர்ஸம்மாவும் போனில் வெகுநேரம் பேசினார்கள். நர்ஸம்மாவின் குரல் கரகரத்தது. “எனக்கும் பாலம்தான் தெரியுது, நடை. பார்க்கிற நமக்கு உண்மை தெரியுது, எடுக்கிறவங்களுக்குத் தெரியல. எதுக்குன்னு என்னைக் கேக்காதே. ஒண்ணு மட்டும் செய். கேமராவை எடுத்து உள்ளே வை. நடக்கப் போகாதே. நானும் போகப்போறதில்ல.”

அவள் அப்படியே செய்தாள். வீட்டுக்குப் பின்னால் வாய்க்காலை ஒட்டிப் போகும் பாதையில் நடந்தே பழகிய கால்கள், சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் அலைந்தன. ஜன்னல் திரைகளை இழுத்து மூடி வைத்தாள். தூக்கம் பிடிக்காமல் கண்ணுக்குக் கீழே கறுத்தது. கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லித்தான் பார்த்தாள். அவர் லிப்ட் பழுது பார்ப்பவர். எது நின்றாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும், கழற்றிப் பார்த்தால் தெரியும் என்பது அவர் கட்சி. படங்களை வாங்கிப் பார்த்து, பாலம் தெரிவதாக ஒப்புக்கொண்டார்.

“யாரோ வேணும்னே விளையாடுறாங்க. இதுக்குப் போயி இப்படி உருகிப்போறியே.”

“தூறலண்ணன் மக எழுதினதும் விளையாட்டா?”

அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

ஒரு சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது அவர் இல்லை. பின்கதவு தாழ் திறந்து கிடந்தது. அலமாரியில் கேமரா அப்படியே இருந்ததைப் பார்த்து மூச்சு வந்தது. அந்த மூச்சை அவள் விடுவதற்குள் கைபேசி அதிர்ந்தது. அவர்தான், ஒரு படம் அனுப்பியிருந்தார். “உன் வலைப்பூ காஞ்சு கெடக்குதே. உனக்காக நானே எடுத்தேன். வாய்க்கால் எப்படி?”

மரப்பாலம்.

அவள் உடனே அவரைக் கூப்பிட்டாள்.

“சும்மா சொல்லக்கூடாது, நல்ல இடம்தான். இத்தனை நாளா நீ மட்டும் அனுபவிச்சிருக்கே,” என்றார் அவர் மூச்சிரைப்போடு. அந்தக் குரலின் கீழே பலகை முனகியது.

“எங்கயும் அசையாதீங்க. நின்ன இடத்துலயே நில்லுங்க. நான் வர்றேன்.”

“எதுக்கு நீ வரணும்? நான்தான் திரும்பிட்டேனே. அதோ நம்ம வீடு. நீதான் பின்கதவுல நின்னு கை காட்டுறியே.”

அவள் சமையலறையில் நின்றிருந்தாள்.

“அது நான் இல்ல. என் பேச்சைக் கேளுங்க. அது நான் இல்ல!”

“உன் குரல் விட்டுவிட்டு வருது. இரு, பக்கத்துல வந்துட்டேன். ஷூ எல்லாம் சேறு, கழட்டிட்டு உள்ள வர்றேன்.” பிறகு தண்ணீர் கலங்கும் சத்தம். கணுக்காலுக்கு. முழங்காலுக்கு. ஓர் ஆள் அவசரமில்லாமல், நிம்மதியாக, தண்ணீருக்குள் இறங்கும் சத்தம். “அப்பாடா,” என்றார் அவர்.

இணைப்பு அறுந்தது.

அவள் வெளியே ஓடினாள். தோட்டத்துக் கம்பிக்கதவு வரை ஓடி, அங்கே கால்கள் தாமாகவே நின்றன. எதிரே வாய்க்கால்பாதை. இருட்டத் தொடங்கியிருந்தது, சிமெண்டுக் கரையில் பகல் சூடு இன்னும் மிச்சமிருந்தது. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. கண்ணை நம்பக்கூடாது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு படம் எடுத்து நர்ஸம்மாவுக்கு அனுப்பினாள். “என்ன தெரியுது?”

“வாய்க்கால்தான். சிமெண்டுக் கரை, விளக்குக் கம்பம். ஏன்? நீ வெளியிலயா இருக்கே?”

வாய்க்கால்தான். அப்படியானால் போகலாம். போய்த் தேடலாம், இழுத்துக்கொண்டு வரலாம். அவள் கதவைத் தாண்டினாள். அவரைக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள், பிறகு ஓடினாள். முதல் விளக்குக் கம்பம் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. பாதை வளைந்த இடத்தில், கல்பெஞ்சுக்குப் பக்கத்தில், அவர் நின்றிருந்தார். காலையில் போட்டிருந்த அதே நீலச் சட்டை. பேன்ட் முழங்கால்வரை நனைந்திருந்தது. அவளைப் பார்த்ததும் கையைத் தூக்கி ஆட்டினார்.

அழுகை பொங்கியது. அவரை நோக்கி இரண்டு எட்டு வைத்தவள் நின்றாள். கண்ணை நம்பக்கூடாதே. கைபேசியைத் தூக்கி ஒரு படம் எடுத்தாள். அனுப்பினாள்.

பதில் வரவில்லை.

அவர் இன்னும் கை ஆட்டிக்கொண்டிருந்தார். ஒரே மாதிரி, ஒரே வேகத்தில். குக்கர் சத்தம் நின்றிருந்தது. தெருவில் வண்டி எதுவும் ஓடவில்லை. வாய்க்காலில் வாத்துகள் மிதந்தன. இத்தனை வாத்துகளை அவள் இங்கே பார்த்ததில்லை. கரையோரம் முழுக்கச் சாம்பல் நிறத்தில், ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு, அலுங்காமல்.

கைபேசி அதிர்ந்தது.

“நடை. பாலத்தைத் தாண்டிட்டே. தண்ணி ஓரத்துல நிக்கிறே.”

அவள் திரும்பினாள். வீடு தெரிந்தது, கூப்பிடு தூரத்தில். பின்கதவு திறந்திருந்தது. சமையலறை விளக்கு எரிந்தது. கதவில் அவர் நின்று கை ஆட்டினார். அவள் மறுபடி இந்தப் பக்கம் திரும்பினாள். இங்கேயும் வீடு. இங்கேயும் விளக்கு. இங்கேயும் அவர்.

“எந்தப் பக்கம் ஓடணும்?” என்று எழுதினாள். எழுத்துகள் தப்பின, அழித்து எழுதினாள். “சொல்லுங்க. எந்தப் பக்கம்?”

நர்ஸம்மா எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

“தெரியலைம்மா. எல்லாப் பக்கமும் தண்ணி. தண்ணியில தலைங்க. நிறையத் தலைங்க. எல்லாம் உன்னையே பார்க்குது.”

பாதத்தில் குளிர்ந்தது. அவள் கீழே பார்த்தாள். உலர்ந்த சிமெண்டு. மறுபடி குளிர்ந்தது, கணுக்காலுக்கு மேலே.

வாத்துகள் கரையேறின. ஒன்றன் பின் ஒன்றாக. சிறகு அடிக்கவில்லை, கத்தவில்லை. அவளைச் சுற்றி நெருங்கி வந்து, கழுத்தைத் தூக்கி, அவள் முகத்தைப் பார்த்தன.