கட்டுத் துணியின் மறுமுனை

கொதிக்க வைத்து, அலசி, நாள் முழுக்க வெயிலில் காய்ந்த கட்டுத் துணியில் மறுபடியும் சீழ் நாறியது. பூவாத்தாள் முகர்ந்து பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்த நாளிலிருந்து புண் வார்டுத் துணிகளெல்லாம் அவள் தலையில்தான் விழுந்தன. "சாணி அள்ளுன கைதானே, சீழ் அள்ளுனா என்னவாம்?" என்பாள் வார்டு சிஸ்டர் இசபெல்லா. சீனியர்கள் சிரிப்பார்கள். கை கழுவவிடாமல் சோற்றின் முன் உட்கார வைத்து, உள்ளே இறங்குகிறதா என்று வேடிக்கை பார்ப்பார்கள். சே, என்ன ஜென்மங்கள்!

ஊருக்கும் போக முடியாது. புருஷன் செத்தவள். திருச்செங்கோட்டில் பஸ் ஏற்றும்போதே அண்ணன் மருதாசலம் சொல்லிவிட்டான்: "பாதியில உட்டுப்போட்டு வந்தீன்னா ஊட்டு வாசப்படி மிதிக்கப்படாது."

நீளத் துணியைச் சுருட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி முனையை இழுத்துப் பிடிக்க, மற்றவள் இறுக்கிச் சுருட்டிக்கொண்டே வருவாள். மூக்கைப் பொத்தியதற்குத் தண்டனையாக இன்று அவளுக்கு யாரும் மறுமுனையைப் பிடிக்கக் கூடாது.

"ஒரு சுருட்டு தளர்ந்திருந்தாலும் நாளைக்கே மூட்டையக் கட்டு. ராமாயியும் உன்ன மாதிரிதான் மூக்கப் பொத்துனா," என்று சொல்லி, துவைக்கும் அறையை இசபெல்லா வெளியே தாழிட்டாள்.

ராமாயி போன வருஷத்து மாணவி. கை நாற்றம் போகவே மாட்டேன் என்கிறது என்று புலம்பி, துணி கொதிக்கிற அண்டாவுக்குள் இரண்டு கையையும் விட்டவள். வெந்த புண் பெனிசிலினுக்கும் கேட்கவில்லை. அதே வார்டில் அழுகிச் செத்தாள்.

பொழுது சாய்ந்தது. மூலையில் அண்டா தளதளவென்று கொதிக்க, சோடா உப்பும் சீழும் கலந்த ஆவி சுவரில் வழிந்து, ஒற்றை பல்பின் வெளிச்சத்தையும் மங்கலாக்கியது. பூவாத்தாள் கூடையிலிருந்து துணியை இழுத்து முழங்காலில் வைத்துச் சுருட்டினாள். தொளதொளவென்று வந்த துணி திடீரென்று விறைப்பாக வந்தது. எவளோ மனமிரங்கி வந்து பிடிக்கிறாள் என்று அவளுக்கு நன்றியாகக்கூட இருந்தது. வெளியே தாழ் விழுந்தது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

துணி கூடையிலிருந்து வரவில்லை. அண்டாப் பக்கமிருந்து, ஆவிக்குள்ளிருந்து வந்தது. ஈரமாக. சூடாக. நிறுத்தினாள். மறுமுனை வெடுக்கென்று இழுத்தது.

சுருட்டினாள்.

ஆவியை விட்டு விரல்கள் வெளியே வந்தன. வெந்து, வெளுத்து, நகம் கழன்ற விரல்கள். துணி அதோடு முடிந்தது. சுருட்டு முடியவில்லை. துணியோடு ஒட்டிக்கொண்டு அந்தக் கையின் தோல் வந்தது. அவள் மடிக்கு. சுற்று மேல் சுற்றாக.

"முடிஞ்சுதாடி?" கதவுக்கு வெளியே இசபெல்லா.

"இன்னுங் கொஞ்சம் இருக்குதுங்க, சிஸ்டர்," என்றாள் பூவாத்தாள்.

இறுக்கிச் சுருட்டினாள். தோல் முழங்கையைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.