தாக் வீட்டில் இடமில்லை

பனி கொட்டிய மத்தியானத்தில், கிம்ஜே சமவெளியின் நடுவே வண்டியின் அச்சு முறிந்தது. கண்ணுக்கெட்டிய வயல்கள் அத்தனையும் வண்டியில் வந்த பியோ இன்ஹ்வானுடையவை. ஒதுங்கக் கூரை ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது.

"அது தாக் வீடுங்க ஐயா," என்றான் வண்டி ஓட்டிவந்த காரியக்காரன் மா சுங்பே. "அங்க வேணாம். நடந்தா ஊரு வந்துரும்."

"என் வீட்டுல ஒதுங்க உன்னைக் கேக்கணுமா? போய் வேற வண்டி கொண்டா."

ஜப்பானியர் நாட்டைப் பிடித்து நிலம் அளந்த காலத்தில் பியோ மாவட்ட அதிகாரி. நிலத்தைப் பதிய வந்த தாக் முன்சிக்கிடம், "பாட்டன் உழுத மண்ணு, உனக்கெதுக்குக் காகிதம்?" என்று சிரித்தபடி திருப்பி அனுப்பினார். காகிதமில்லாத நிலம் அரசுக்குப் போயிற்று. அங்கிருந்து பியோவிடம் வந்தது. சொந்த வயலிலேயே குத்தகைக்கு உழுத தாக்கை, போன குளிர்காலத்தில் அதிலிருந்தும் விரட்டினார். மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் பனியில் மஞ்சூரியாவுக்குப் புறப்பட்டவன் போய்ச் சேர்ந்ததாகத் தகவல் இல்லை.

உள்ளே ஒட்டடையும் எலிப் புழுக்கையும். ஆனால் பியோ கால் வைத்த தரை கதகதவென்றிருந்தது.

வெளியே போய்ப் பார்த்தார். தரையைச் சூடாக்கும் அடுப்பின் வாயைப் பனி அடைத்திருந்தது.

பயந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் மனைவி செத்து ஒன்பது வருடம், மகன்கள் டோக்கியோவில், கடிதம்கூடக் கிடையாது. இருபது அறை வீட்டில் அவர் ஒருவர் இருமும் சத்தம்தான் இரவெல்லாம். உள்ளே திரும்பி அந்தச் சூட்டில் உடம்பை நீட்டியதும் அவருக்குக் கண் கலங்கியது.

வாற்கோதுமை வேகும் வாசனை வந்தது.

பிறகு மூச்சுச் சத்தம்.

ஒன்றல்ல.

"அதிகாரி ஐயா," காதருகே ஓர் ஆண் குரல், பழைய பணிவு மாறாமல். "கொஞ்சம் தள்ளிப் படுங்க. பிள்ளைங்க நனைஞ்சிருக்கு."

தள்ளிப் படுத்தார். முதுகில் ஏதோ சின்னதாய், ஈரமாய் ஒட்டிக்கொண்டது.

"இன்னும் கொஞ்சம், ஐயா."

தள்ளினார்.

"இன்னும் கொஞ்சம்."

பொழுது சாய்கையில் சுங்பே மாட்டுவண்டியோடு வந்தான். பியோ கதவுக்கு வெளியே, பனியில், வெறுங்காலோடு சுருண்டு கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஐயோ, உள்ள இருக்கக் கூடாதாங்க!"

"உஷ்..." பியோ சிரித்தார். ஆறுதலான சிரிப்பு. "உள்ள இடமில்லப்பா. பிள்ளைங்க இப்பத்தான் கண்ணசந்துச்சு."

சுங்பே கதவைத் திறந்தான். வெறும் அறை. அவன் திரும்புவதற்குள் பியோவின் தலை தொங்கிவிட்டது.

உடலைத் தோளில் தூக்கி, நாலடி வைத்திருப்பான்.

பின்னால், திறந்து கிடந்த கதவை யாரோ உள்ளிருந்து சத்தமில்லாமல் இழுத்துச் சாத்தித் தாழிட்டார்கள்.