விலகி நின்ற புள்ளி

அன்று பெருமாநல்லூர் வீட்டின் முன்னறையில் இருந்தவர்கள்: பனியன் கம்பெனி முதலாளி தங்கவேலு, வானியல் ஆராய்ச்சி செய்யும் அவர் மகள் அபிராமி, பனியனில் படம் அச்சிடும் யூனிட் நடத்தும் மைத்துனர் மகுடேஸ்வரன், ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர் குழந்தையம்மாள், அவருடைய உதவியாளன் ஜெபக்குமார். வேறு யாரும் இல்லை.

தங்கவேலு கதவைத் தாழிட்டார். "நாளைக்கு ஆராய்ச்சி நிலையத்துல விசாரணைங்கம்மா. மோசடின்னு சொல்லிட்டா புள்ளைய வெளியே அனுப்பிருவாங்க. எங்க பேருக்கு இதுவரைக்கும் ஒரு சொல் வந்ததில்லீங்க."

அபிராமி கண்டது ஒரு பழுப்புக் குறுமீன்: நட்சத்திரமாக எரியும் அளவு எடை சேராத, சூடு இன்னும் ஆறாத இளம் பொருள்.

"சிவப்பாத் தெரியறதெல்லாம் இது இல்லீங்க," என்றாள். "ரொம்பத் தூரத்துல இருக்கற பெரிய நட்சத்திரமும் சிவப்பாத்தான் தெரியும். பக்கத்துல இருக்கறதுதான் வருசம் போகப் போக இடம் மாறித் தெரியும். இது ஒரு இளம் நட்சத்திரக் கூட்டத்தோட சேர்ந்தே போகுது. அதனால வயசும் தெரிஞ்சுது."

சில ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு வான்படங்களை அவள் அச்சிட்டு நிலையத்துக்குக் கொடுத்திருந்தாள். மூலப்படங்களில் புள்ளி நகர்ந்திருந்தது. அச்சில் அசையவே இல்லை. ஒரு படத்தைத் திருத்தியவள் எல்லாவற்றையும் திருத்தியிருப்பாள் என்றது ஆராய்ச்சி நிலையம்.

"யாரோ பொறாமைல செஞ்சிருக்கான், மேடம்," என்றான் ஜெபக்குமார்.

"உனக்கு எதுன்னாலும் பொறாமைதான் காரணம். பேசாம இரு, கண்ணு."

குழந்தையம்மாள் அச்சுத்தாளைப் பார்த்தார். மூலைகளில் பாதி வெட்டுப்பட்ட கூட்டல் குறிகள். மேசைமேல் மகுடேஸ்வரன் கொண்டுவந்திருந்த, கழித்துப்போட்ட குழந்தைச் சட்டை ஒன்றை எடுத்தார். அதிலிருந்த யானையின் கண் காதுப் பக்கம் தள்ளி நின்றது.

"இது ஏன் ரிஜெக்ட்டுங்க?"

"ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஸ்க்ரீன், தனி அச்சுச் சட்டமுங்க. எல்லாம் சரியா ஒண்ணு மேல ஒண்ணு உக்காரணும். துளி விலகினாலும் சரக்கு வாங்கற பையர் எடுக்கமாட்டான்," என்றார் மகுடேஸ்வரன்.

"அப்படி உக்கார வைக்கத்தானே கூட்டல் குறி? வான்படத்துல அது எப்படி வந்துச்சு?"

குழந்தையம்மாள் அச்சுத்தாளையும் சட்டையையும் அருகருகே வைத்தார்.

"புள்ளி நகர்ந்தாத்தான் அபிராமிக்கு நல்லது. அவ இதைச் செய்யமாட்டா. பகையாளின்னா புள்ளியையே அழிச்சிருப்பான். இதைச் செஞ்சது, விலகி நிக்கறதெல்லாம் பிழைன்னு பழகின கை."

மகுடேஸ்வரன் எழுந்து நின்றார். "நாந்தானுங்க. புள்ளை எங்கிட்ட அச்சடிக்கக் குடுத்த ரெண்டு படத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாத்தேன். எல்லாம் பொருந்துச்சு, ஒண்ணு மட்டும் தள்ளி நின்னுச்சு. புள்ளைக்குக் கெட்ட பேரு வந்துருமேன்னு இழுத்து நேரா வெச்சுட்டேன்."

"நட்சத்திரத்தையே ரிஜெக்ட் பண்ணிட்டீங்களே, மாமா," என்றாள் அபிராமி. சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று.

"நாளைக்கு அங்க வந்து இதைச் சொல்லணுங்க," என்றார் குழந்தையம்மாள்.

"சொல்லுவான். நானும் பக்கத்துல நிப்பேன்," என்றார் தங்கவேலு.

மறுநாள் மகுடேஸ்வரன் தன் கணினியில் இருந்த திருத்தத்தைக் காட்டி, நடந்ததைச் சொன்னார். அபிராமி மீதிருந்த புகார் நீங்கியது.

தங்கவேலு மகளைக் காக்க மைத்துனர் மேல் பழியைப் போட்டார் என்று பனியன் யூனிட்டுகள் நிறைந்த முதலிபாளையத்தில் ஒரு பேச்சு உண்டு. அப்படி நடக்கவில்லை.