தண்ணீர் நிற்காத ரேடியேட்டர்

இறக்கத்தில் போகிற கார் கொதிக்கக் கூடாது. அதுவும் ஆடிக் குளிரில், மேகம் சாலையிலேயே படுத்துக் கிடக்கும்போது. ஆனால் ஊட்டியிலிருந்து எமரால்டு போகும் வழியில், பட்டப்பகலில், வெள்ளைக்காரத் துரையின் பழைய கார் முன்பக்கமெல்லாம் ஆவியாய்ச் சீறியது.

டிரைவர் அயூப் மூன்றாவது முறையாக ஓரங்கட்டினான். நேற்று விடியலிலிருந்து வண்டியிலேயே இருக்கிறான். விரல்களை மடக்கினால் வலித்தது. பின்சீட்டில், எஸ்டேட் கூலியாள் மாரப்பன் தன் மனைவி கனகமணியின் உடலைத் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தான். நீட்டிக் கிடத்த இடமில்லை. ஆஸ்பத்திரியில் வயிற்று ஆபரேசனுக்குப் பிறகு, இன்று காலைதான் உயிர் பிரிந்தது. கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்யத் துரை கார் கொடுத்திருந்தார்.

"மறுபடியுமுங்களா பாய்?"

"ஆமாப்பா. கொஞ்சம் சூடு எறங்கட்டும்."

யூகலிப்டஸ் வாசனையோடு சூடேறிய இரும்பின் நெடியும் கலந்து மூக்கில் ஏற, அயூப் குனிந்து பார்த்தான். விசிறி பெல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. ரப்பர் குழாயில் விரிசல் இல்லை. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. சூடு தணிந்ததும் சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகி, உள்ளே ஒரு குச்சியை விட்டான். நுனிகூட நனையவில்லை.

ஒரு மைலுக்கு முன்னால்தான் வழிய வழிய ஊற்றியிருந்தான்.

ஓடையிலிருந்து மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் சுமந்து வந்தபோது மாரப்பன் தானாகவே பேசினான்.

"கடைசி வரைக்கும் தண்ணி தண்ணின்னு கெஞ்சுனாளுங்க பாய். ஒரு சொட்டுக்கூட ஆகாதுன்னு நர்சம்மா சொல்லிப்போட்டாங்க. நானும் குடுக்காமயே உட்டுட்டனுங்க."

அயூப் ரேடியேட்டர் வாய்க்கு நேராகக் குனிந்தான். டின்னைச் சாய்த்தான்.

அரை டின்னுக்கு மேல் கொள்ளாது. முக்கால் டின் போனது. முழுதும் போனது. தண்ணீர் விழும் கலகலப்பு கேட்கவில்லை. மடக், மடக் என்று ஒரு சத்தம். நடுவில் சின்ன இடைவெளி. மூச்சு வாங்குகிற மாதிரி.

களைப்பு, என்று சொல்லிக்கொண்டான். தூக்கமில்லாத காது.

இன்னொரு டின் கொண்டு வந்தான். ஊற்றினான்.

மடக். மடக்.

சத்தம் இரும்புக்குள்ளிருந்து வரவில்லை.

மெல்ல நிமிர்ந்தான். முன் கண்ணாடிக்கு அப்பால் மாரப்பனின் தோள். அதில் சாய்ந்த முகம். தாடையைச் சுற்றித் துணிக்கட்டு. அதற்குக் கீழே தொண்டை.

ஏறியது. இறங்கியது.

ஊற்றுவதை நிறுத்தினான். தொண்டையும் நின்றது.

மாரப்பனும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கன்னம் முழுக்கக் கண்ணீர்.

"நிறுத்தாதீங்க பாய்," என்றான் கெஞ்சலாக. "குடிக்கறாளுங்க."

டின் காலி. அயூப் அதைக் கவிழ்த்துக் காட்டினான், யாரிடம் காட்டுகிறோம் என்று தெரியாமலே.

துணிக்கட்டின் முடிச்சு நழுவியது. கனகமணியின் வாய், கண்கள் மூடியபடியே, அயூப்பின் பக்கமாகத் திறந்தது.