நாற்பது நிமிடப் பார்வை

செவ்வாயின் தேசிய ஓவியக் கருவூலத்தில் ஆண்டின் கடைசி நாளன்று ஓவியங்களை உருக்குவது வழக்கம். நகரை மூடிய கவிகைக்கு அடியில் சுவர்கள் குறைவு. பூமியிலிருந்து வந்த நிறமிகளோ அதைவிட அரிது. ஒவ்வொரு ஓவியத்தின் பின்னாலும் ஒரு பார்வைமானி இருந்தது. ஓவியத்தின் மீது மனிதக் கண்கள் நிலைத்த நேரத்தையும் பார்த்தவர் எண்ணிக்கையையும் அது கூட்டிக்கொண்டே வரும். ஆண்டுக்கு ஆயிரம் நிமிடம் தேறாத ஓவியம் நிறமியை மீட்க மாலை ஐந்து மணிக்கு உலைக்குப் போகும்.

அறிவியலாளர் கூடத்தின் காப்பாளர் மதுரவல்லிக்குக் காலையிலிருந்தே சோறு இறங்கவில்லை. ஹெப்சிபா ஞானமுத்துவின் உருவ ஓவியத்துக்கு இன்னும் நாற்பது நிமிடம் வேண்டும். செவ்வாயின் காற்றை மூச்சுக்காற்றாக்கும் உயிர்ப்பாசியைக் கண்டுபிடித்தவர் அவர். ஆனால் அந்தக் காற்றை இழுத்துவிட்டபடியே எல்லோரும் அவரைக் கடந்து நடனக் கலைஞர்களின் கூடத்துக்குப் போனார்கள். ஊழியர்களின் கண்களை மானி ஏற்காது. ஏற்றால் அவளே நின்று பார்த்திருப்பாள்.

பதினொரு மணிக்குத் துணிந்து அழைத்தாள்.

"அம்மா, நீங்க நேர்ல வந்தா கூட்டம் வரும். இல்லன்னா சாயங்காலம் உங்க படத்தை உருக்கிடுவாங்க."

எதிர்முனையில் எண்பத்தெட்டு வயது ஹெப்சிபா பேசினார். "என் படமா? வரைஞ்சு முடிச்சப்புறம் நான் பார்த்ததே இல்லையே. பாசித் தொட்டியை விட்டு எங்க வர முடிஞ்சுது? சரி, வரேன்."

'நமக்கு மூச்சு தந்தவர் இன்று வருகிறார்' என்ற அறிவிப்பு பரவியது. மூன்று மணிக்குக் கூடம் நிரம்பி வழிந்தது. மதுரவல்லி ஓடிப்போய் மானியைப் பார்த்தாள். ஒரு நிமிடம்கூட ஏறவில்லை.

வந்தவர்கள் ஓவியத்துக்கு முதுகைக் காட்டி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். பார்ப்பதைப் படமெடுக்கும் விழிப்பதிவி எல்லோர் கண்ணிலும் இருந்த காலம் அது. தன்னைப் படமெடுக்க மட்டும் இன்னொருவர் கண் வேண்டும். எடுப்பவர் கண்ணும் தோழர்கள் மீதே இருந்தது.

ஹெப்சிபா உள்ளே வந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஓவியத்தில் அவருக்கு முப்பத்தைந்து வயது.

"அம்மா, நாங்க எல்லாரும் விழணும். நீங்க எதிர்ல நின்னு எடுத்துக் குடுக்கறீங்களா?" என்றாள் ஒரு பெண் அவரிடம்.

"அதுக்கென்ன, நில்லுங்க."

அவர்கள் முடித்ததும் அடுத்த குடும்பம் வந்தது. அதன் பிறகு இன்னொன்று. மதுரவல்லிக்கு ரத்தம் கொதித்தது. 'இவங்கதான் அவங்க' என்று கத்த வாயைத் திறந்தாள். அதற்குள் மானி மெல்லச் சொடுக்கியது. ஒரு நிமிடம். இரண்டு. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஹெப்சிபாவின் பார்வை அவர்களுடைய தலைகளுக்கு மேலாகப் போய் ஓவியத்தில் நின்றிருந்தது.

ஐந்து மணிக்கு நான்கு நிமிடம் இருக்கையில் ஆயிரம் தாண்டியது. கூட்டம் கலைந்தது. மூச்சு தந்தவர் வரவேயில்லை என்று சிலர் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

"என் மணிக்கட்டுல இருந்த அமிலத் தழும்பைக்கூட ஓவியரு வரைஞ்சிருக்காரு," என்றார் ஹெப்சிபா வியப்போடு. கால் கடுக்க நின்றதில் அவருக்கு மூச்சு வாங்கியது. "உருக்க மாட்டாங்களே?"

"மாட்டாங்கம்மா."

"நிறைய பேரு பார்த்தாங்களா?"

மதுரவல்லி மானியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். இன்று பார்த்தவர்: ஒருவர்.

"பார்த்தாங்கம்மா," என்றாள்.