இடது ஓரத்தில் ஏழு வட்டங்கள்

பட்டுவின் கறிவேப்பிலைச் செடியைக் கொன்றவர் அவருடைய தம்பி சிவராம்தான் என்பது, அந்த டாலிகஞ்ச் ஃப்ளாட்டில் சிவராமுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். அப்படித்தான் அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

திட்டமிட்ட கொலை அல்ல. சென்னையிலிருந்து வந்த மாவடு தீர்ந்துபோய், ஜாடியின் அடியில் நாலு விரற்கடைத் தண்ணீர் நின்றது. உப்பும் காரமும் ஊறிய அந்த அமிர்தத்தைக் கழுவித் தள்ள மனசு வரவில்லை. மனுஷனுக்கு இவ்வளவு ருசிக்கிறது, செடிக்கு ருசிக்காதா என்று யோசித்தார். யோசித்ததுதான் தப்பு. செடி ஊறுகாய் சாப்பிடாது என்று, அவர் முப்பது வருஷம் வேலை பார்த்த வங்கியில் யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை. பத்தே நாளில் இலைகளின் நுனி கருகியது. பிறகு ஓரம். பிறகு மொத்தமும். தொட்டி மண்ணின் மேல் வெள்ளையாக ஏதோ பூத்தது.

"என்னடா ஆச்சு இதுக்கு?" என்று அக்கா கேட்டபோது, "வெயில்க்கா. கொல்கத்தா வெயிலைப் பத்திக் கேக்கணுமா?" என்றார்.

பட்டு காய்ந்த செடியை எறியவில்லை. அது பால்கனியிலேயே நின்று, தினமும் காபி குடிக்கும் சிவராமை முறைத்துக்கொண்டிருந்தது.

அந்தச் செடிக்குப் பக்கத்து நாற்காலியில்தான் வெள்ளிக்கிழமை காலை பத்மநாபன் வந்து உட்கார்ந்தார். நியூ டவுனில் புதிதாகக் கட்டியிருக்கும் கால்பந்து ஸ்டேடியத்தின் மேனேஜர். நாற்பத்தைந்து வயது இருக்கும்; மூன்று நாளாகத் தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது.

"மாமி, ஞாயித்துக்கிழமை முதல் மேட்ச். ஒரு வருஷமா குழந்தை மாதிரி வளர்த்த நிஜப் புல்லு. இப்போ ஒரு ஓரமா வட்டம் வட்டமா செத்துண்டிருக்கு. பூஞ்சைங்கறா, புழுங்கறா, புல் சப்ளை பண்ணினவன் ஏமாத்திட்டாங்கறா. கமிட்டி மட்டும் மைதானத்துக்காரன் நிமாய் மண்டல்தான் காரணம்னு முடிவே பண்ணிடுத்து. இன்னிக்கு அஞ்சு மணிக்கு அவனை வேலையை விட்டு எடுக்கப்போறா. எனக்கு மனசு ஒப்பலை."

"நிமாய் மேல ஏன் சந்தேகம்?" என்றார் பட்டு.

"தினம் விடிகாலையில அந்த வட்டங்கள்ல மட்டும் ஹோஸ் வச்சுத் தண்ணியா ஊத்தறான். காவல்காரன் பார்த்திருக்கான். ஏன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறான்."

பட்டு எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். கிதிர்பூர் கிடங்குகளில் தேயிலை மூட்டை நனைந்தது மழையாலா, மனுஷனாலா என்று கண்டுபிடிப்பதே முப்பது வருஷ உத்தியோகம். ஓய்வுக்குப் பிறகும் ஊரில் யாருக்காவது ஏதாவது புரியாமல் போனால் இந்த வாசலுக்குத்தான் வருவார்கள். சிவராம் கூடவே போவார். யாரும் கூப்பிட்டதில்லை, வேண்டாமென்றதும் இல்லை.

படி இறங்கும்போது அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "நிஜமா சொல்லுக்கா. நான் கூட வரது உனக்கு உபயோகமா, தொந்தரவா?"

"கதவைப் பூட்டினியா?" என்றார் பட்டு.

பூட்டவில்லை. சிவராம் திரும்பி மேலே ஏறினார்.

ஸ்டேடியம் புதுப் பாத்திரம் மாதிரி பளபளத்தது. நடுவில் பச்சைப் பசேலென்று புல். இடது பக்கக் கோட்டை ஒட்டி மட்டும், வீரர்கள் வெளியே வரும் வாசலிலிருந்து மூலைக்கொடி வரை, சாப்பாட்டுத் தட்டு அளவில் செத்த வட்டங்கள். சிவராம் எண்ணினார். ஏழு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் பத்தடி.

"பூஞ்சை வரிசையில நின்னு வருமா?" என்றார் பட்டு, யாரிடமும் அல்லாமல்.

வட்டத்தின் விளிம்பில் இருந்த புல்லைக் குனிந்து பார்த்தார் சிவராம். தாள்களின் நுனி கருகியிருந்தது. அடிப்பக்கம் இன்னும் பச்சை. மண்ணின்மேல் மெல்லிய வெள்ளைப் பூப்பு. அவருக்கு நன்றாகப் பழக்கமான வெள்ளை.

"இந்த மாதிரி எங்கயாவது பார்த்திருக்கியாடா?" என்று கேட்டார் பட்டு.

"நானா? புல்லையா? சேச்சே," என்று அவசரமாக நிமிர்ந்தார் சிவராம். நிமிர்ந்த வேகத்தில் கண்ணாடி கழன்று விழுந்தது. தேடியபோது விரலில் நாலைந்து கறுப்பு உருண்டைகள் அகப்பட்டன. சின்னதாக, சுருக்கம் விழுந்து, ஊறிப்போயிருந்தன.

"உரக் குருணை," என்றார் பத்மநாபன். பட்டு அவற்றை வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

மைதானத்தின் அந்தக் கோடியில், வலது முட்டியில் கறுப்புப் பட்டை கட்டிய ஒரு பெண் பந்தை உதைத்துக்கொண்டிருந்தாள். "அனன்யா," என்று பத்மநாபன் பெருமையாகச் சொன்னார். "என்னை விட்டா இங்க தமிழ் பேசற ஒரே ஜீவன். பதினேழு வயசு. போன வருஷம் முட்டியில ஆபரேஷன். ஏழு மாசம் ஓடக்கூடாதுன்னுட்டா. நிமாய்தான் தினம் காலம்பற இந்த ஓரத்துல, புல்லுல, மெதுவா நடக்க விட்டான். இப்போ ஞாயித்துக்கிழமை ஆடப்போறா."

நிமாய் தன் கொட்டகையில் புல்வெட்டும் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஐம்பது வயது, மெலிந்த உடம்பு. பட்டு வங்காளத்தில் பேச, அவனும் 'தீதி', அதாவது அக்கா, என்று மரியாதையாகவே பதில் சொன்னான்.

"அந்த இடத்துல மட்டும் ஏன் தண்ணி, நிமாய்?"

"புல்லுக்குத் தாகம், தீதி."

"சொந்த ஊர் எது?"

"கோசாபா. சுந்தரவனம். ஐலா புயல்ல கடல் உள்ள வந்து எங்க வயல் போச்சு. மூணு வருஷம் ஒரு கதிர் விளையல. அதுக்கப்புறம்தான் இந்தப் பக்கம் வந்தேன்."

"அப்போ மண்ணைப் பத்தி உனக்குத் தெரியாதது இல்ல."

நிமாய் மெஷினையே பார்த்தான். "வேலை போனா போகட்டும் தீதி. வேற மைதானம் இருக்கு." சொன்ன குரலில் அந்த நம்பிக்கை இல்லை. மூத்த பெண்ணுக்கு அடுத்த மாதம் நர்ஸிங் பரீட்சை என்று பத்மநாபன் வழியிலேயே சொல்லியிருந்தார்.

சிவராமுக்குத் துப்பறிகிறவர் என்ற முறையில் ஏதாவது செய்தாக வேண்டும்போல் இருந்தது. கொட்டகையைச் சுற்றி நோட்டம் விட்டார். ஆணியில் ஒரு சட்டை, ஒரு காலண்டர், அலமாரியில் கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அதன் மூடியில் புள்ளி புள்ளியாக, தமிழில், 'ஜெயப்ரியா' என்று வெட்டியிருந்தது.

"நம்மாத்துப் பாத்திரம் மாதிரியே பேர் வெட்டியிருக்குக்கா!" என்று குதூகலமாகச் சொன்னார். அதற்குமேல் அதில் ஒன்றும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

பட்டு பத்மநாபனிடம் ஏதோ ஒரு நம்பரை வாங்கிக்கொண்டு, வெளியே போய் ஃபோன் பண்ணினார். சிவராம் கேட்டதற்கு, "டீ குடிக்கலாம் வா," என்று மட்டும் சொன்னார்.

ரோட்டோர டீக்கடையில், மண் குவளை கையைச் சுட, சிவராம் உட்கார்ந்திருந்தார். மணி இரண்டரை. இன்னும் இரண்டரை மணி நேரத்தில் நிமாய்க்கு வேலை போய்விடும். புல் செத்தது அவன் தண்ணீர் ஊற்றியதால் அல்ல என்று இந்த ஊரிலேயே உறுதியாகத் தெரிந்த ஒரே ஆள், ஒரு கறிவேப்பிலைச் செடிக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தார். தன்னைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் எப்போதும் இருந்ததில்லை. ஆனால் இது இருந்ததிலும் மட்டம்.

"அக்கா. அந்தச் செடி வெயில்ல சாகல."

"ம்."

"மாவடு தண்ணி. நான்தான் ஊத்தினேன். இதே நுனிக் கருகல், இதே வெள்ளை. அந்த மண்ணுல இருக்கறது உப்புக்கா. நிமாய் கெடுக்கல. உப்பைக் கழுவிவிடப் பார்த்திருக்கான்."

இடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டார். விழவில்லை.

"டீயைக் குடிச்சு முடி," என்றார் பட்டு. "நாலு மணிக்கு எல்லாரையும் பத்மநாபன் ரூமுக்கு வரச் சொல்லியிருக்கேன்."

நாலு மணிக்கு அந்த அறையில் பத்மநாபன், நிமாய், அனன்யா மூவரும் இருந்தார்கள். கூடவே, கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸிலிருந்து அடித்துப் பிடித்துக்கொண்டு வந்த அனன்யாவின் அம்மாவும். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டையைக்கூடக் கழற்றாத அந்த அம்மாளின் பெயர் ஜெயப்ரியா என்று கேட்டதும், சிவராமின் மண்டையில் டிபன் பாக்ஸின் மூடி 'டங்' என்று விழுந்தது.

"புல்லுக்கு வந்தது வியாதி இல்ல. உப்பு," என்று ஆரம்பித்தார் பட்டு. "அதுக்கு என்கிட்ட நிபுணர் ஒருத்தர் இருக்கார். சொல்லுடா."

வேறு வழியில்லாமல் சிவராம் ஐந்து பேர் முன்னால் மாவடு கதையை முழுக்கச் சொன்னார். அனன்யா சிரிப்பை அடக்கத் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டாள். பத்மநாபன் அடக்கவே முயலவில்லை.

"சரி, உப்பு. யாராவது விரோதத்துல போட்டிருந்தா கோல் பக்கத்துல, நடு மைதானத்துலன்னு ஆட்டம் கெடற இடமாப் பார்த்துப் போட்டிருப்பா. இது ஓரமா, அளவெடுத்த மாதிரி, ஏழே இடம். கெடுக்கப் போட்டதில்ல, மரியாதையா வச்சது." பட்டு கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார். "பத்மநாபன், உங்க உரக் குருணை. ஒண்ணு கடிச்சுப் பாருங்கோ."

பத்மநாபன் தயங்கிக் கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. "மிளகு!"

"உப்பும் மிளகும். உடம்பு குணமானா நம்ம ஊர்க் கோவில்ல கொட்டற காணிக்கை. அப்போ இது நம்ம மனுஷா செஞ்சது. இந்த ஓரத்துல யார் குணமானா? எத்தனை மாசம் நடந்தா?"

"ஏழு," என்றாள் அனன்யா மெதுவாக. பிறகு திரும்பிப் பார்த்தாள். "அம்மா?"

ஜெயப்ரியாவின் முகம் வெளுத்திருந்தது. "ஐயோ, நானா? நானா கெடுத்தேன்?"

"அவங்களுக்குத் தெரியாது தீதி," என்று நிமாய் குறுக்கே வந்தான். தமிழ் புரியாவிட்டாலும் முகம் புரிந்திருந்தது.

"இவ நடந்த ஒரு மாசத்துக்கு ஒரு பாக்கெட்டுன்னு ஏழு பாக்கெட் கல்லுப்பும் மிளகும் லேக் மார்க்கெட்ல வாங்கினேன்," என்றார் ஜெயப்ரியா. "ஊருக்குப் போக லீவு கிடைக்கல. இவ இனிமே ஓட மாட்டாள்னு டாக்டர்கள்லாம் சொன்னா, மாமி. இந்தப் புல்லுதான் இவளைத் தாங்கித்து. கோவில் என்ன, இந்த மண்ணு என்னன்னு ஒருநாள் காலம்பற வந்து கொட்டிட்டேன். மறுநாள் வந்து பார்த்தப்போ உப்பைக் காணோம். சாமி ஏத்துண்டுடுத்துன்னு சந்தோஷமாப் போனேன்."

பட்டு அதை வங்காளத்தில் நிமாயிடம் சொல்லிவிட்டுக் கேட்டார். "நீ பார்த்தே, இல்லையா?"

"தூரத்துலேர்ந்து பார்த்தேன். பூ தூவுறாங்கன்னு நினைச்சேன். கும்பிட்டு அழுதாங்க. நாலு நாள் கழிச்சுப் புல்லோட நுனியைப் பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. எங்க வயல்ல பார்த்தது."

"அப்புறம் ஏன்ப்பா சொல்லல?" என்று பத்மநாபன் கிட்டத்தட்டக் கத்தினார்.

"சொன்னா கமிட்டி அந்தப் பொண்ணை வெளியே அனுப்பிடும் ஸார். புல் ஆறு வாரத்துல திரும்ப வரும். அவளுக்கு இந்த சீசன் போனா வருமா?"

ஜெயப்ரியா எழுந்து நிமாயைக் கைகூப்பிக் கும்பிட்டார். அவன் பதறி நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"உப்பை டிபன்ல மட்டும் போடுங்க பௌதி," என்று அண்ணி முறை வைத்துச் சொன்னான். "அந்தப் புளிச் சோறு போதும் எனக்கு."

பத்மநாபன் மேஜைமேல் தயாராக இருந்த வேலைநீக்கக் கடிதத்தை நாலாகக் கிழித்தார். கமிட்டியிடம் நடந்ததை நடந்தபடியே சொன்னார். நிமாய்க்காகவும் அனன்யாவுக்காகவும் சேர்த்தே வாதாடினார். நியூ டவுனில் கோபமாகக் கூடிய கமிட்டியின் ஏழு பேரில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்ததாகப் பிற்பாடு தெரிந்தது. அனன்யா ஆடலாம், நிமாய் இருக்கலாம்.

கோலுக்குப் பின்னால் நிமாய் உபரியாக வளர்த்து வைத்திருந்த புல்லிலிருந்து ஏழு துண்டுகள் வெட்டினான். உப்பேறிய மண்ணை முழம் ஆழத்துக்கு எடுத்துவிட்டு, புது மண் போட்டுப் பதித்தான். அனன்யாவும் ஜெயப்ரியாவும் தட்டில் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். சிவராமும் ஒரு துண்டு தூக்கினார். அதைத் தலைகீழாகப் போட்டது அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை மேட்ச். இடது ஓரத்தில் ஏழு இடங்களில் புல் சற்றே அடர்ந்த பச்சையாக இருந்தது, தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி. அனன்யா அதன்மேல்தான் ஓடினாள். ஒவ்வொரு தடவை அவள் ஓடும்போதும், கோட்டுக்கு வெளியே நின்ற நிமாய் புல்லைப் பார்க்காமல் அவள் முட்டியையே பார்த்தான்.

இடைவேளையில் சிவராம் கடலையை உரித்தபடி கேட்டார். "நான் டீக்கடையில சொல்றதுக்கு முன்னாடியே நீ ஜெயப்ரியாவுக்கு ஃபோன் பண்ணிட்டே. அப்போ உப்புன்னு தெரியும். செடி விஷயமும் தெரியுமோ?"

"அன்னிக்கே தெரியும். தொட்டி மண்ணுல ரெண்டு மாவடு காம்பு கிடந்தது."

"பின்னே ஏன்க்கா கேக்கல?"

"கேட்டேனே. வெயில்னே."

சிவராம் இன்னொரு கடலையை உரித்தார். அப்புறம், பதில் வராது என்ற தைரியத்தில், பழைய கேள்வியைக் கேட்டார். "நிஜமா சொல்லு. நான் கூட வரது உபயோகமா, தொந்தரவா?"

கதவு, கேஸ், குழாய், எதை மூடாமல் வந்தோம் என்று யோசித்துத் தயாராக இருந்தார்.

"தொந்தரவுதான்," என்றார் பட்டு, மைதானத்தைப் பார்த்தபடியே. "முப்பது வருஷம் அந்தக் கிடங்குகள்ல தனியா அலைஞ்சேன். ஒருத்தரும் தொந்தரவு பண்ணல. நன்னாவே இல்லடா. நீ எப்பவும் கூட வா."